வாளியோடு போகும் வாரிசுகள்

தொட்டித் தண்ணீரை மாற்றும் அரை மணி நேரம்தான் இறால் குஞ்சுகளுக்குக் கண்டம். நகரத்து மேஜை முதல் ஆந்திரக் கடற்கரைப் பொரிப்பகம் வரை அவற்றைக் காப்பாற்றும் பாடு ஒன்றுதான்.

பிறந்த அன்று அதன் நீளம் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. உடம்போ கண்ணாடி. பின்னால் இருக்கும் பாசியின் பச்சை அதன் ஊடாகவே தெரியும். அங்கே ஓர் உயிர் இருக்கிறது என்பதற்கு இரண்டு கறுப்புப் புள்ளிகள்தான் அத்தாட்சி. அவை அதன் கண்கள்.

மேஜை மீது ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி வைத்து 'செர்ரி' இறால் வளர்க்கும் நகரவாசிகள், வயிற்றுக்கடியில் முட்டை சுமக்கும் தாய் இறாலை மூன்று நான்கு வாரங்கள் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். தீனியை அளந்து போடுகிறார்கள். வாய் சும்மா இராத மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுகிறார்கள். குஞ்சு பொரிக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களே அந்தக் குஞ்சுகளைக் குளியலறைச் சாக்கடையில் கொட்டிவிடுகிறார்கள். வேண்டுமென்று அல்ல. வாராவாரம் தண்ணீரை மாற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார்; மாற்றுகிறார்கள். சில குஞ்சுகள் வாளியோடு போகின்றன. தப்பியவற்றில் சில, புதிதாக ஊற்றிய தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு நாளில் மறைகின்றன. பிணம்கூடக் கிடைப்பதில்லை. செத்த குஞ்சை மற்ற இறால்களும் நத்தைகளும் தின்று தீர்த்துவிடுவதால், வளர்ப்பவருக்குத் தன் தொட்டியில் நடந்தது என்ன என்று தெரிவதே இல்லை. 'இந்த இனம் நம் ஊரில் பெருகாது' என்று முடிவு கட்டிவிடுகிறார்.

பெருகும். பெருகுவதற்கென்றே பிறந்த இனம் அது. நியோகாரிடினா டேவிடி என்பது விஞ்ஞானப் பெயர். தைவான், சீனா பகுதிகளின் ஓடைகளில் பழுப்பும் பச்சையுமாகத் திரிந்த இந்த நன்னீர் இறாலில் சிவப்பு தட்டியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்ததில் கிடைத்ததுதான் செர்ரி. பிறகு மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று வண்ணங்கள் கிளைத்தன. தொட்டிக்குள் இறாலை விடும் மோகத்தை உலகெங்கும் பரப்பியவர் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ. 2015இல் காலமான அவர், தண்ணீருக்கடியில் தோட்டம் போடும் கலையைப் பிரபலப்படுத்தியவர். அந்தத் தோட்டத்தில் களையெடுக்கும் கூலியாட்களாக இறால்களை 1980களில் வேலைக்கு அமர்த்தினார். அவர் பெயரிலேயே அழைக்கப்படும் அமானோ இறாலின் குஞ்சுகள் உப்பு கலந்த நீர் இல்லாமல் வளராது. செர்ரிக்கு அந்தப் பிரச்னை இல்லை. முட்டைக்குள்ளேயே குழந்தைப் பருவத்தை முடித்துக்கொண்டு, தாயின் அச்சாக, சின்ன உருவில் வெளியே வருகிறது. மும்பையின் கிராஃபோர்டு மார்க்கெட்டிலும், கொல்கத்தாவில் ஞாயிறுதோறும் கூடும் காலிஃப் தெரு சந்தையிலும், வண்ண மீன் வளர்ப்புக்குப் பேர்போன சென்னை கொளத்தூரிலும் இன்று பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கப்படுவதற்கு அதன் அழகு பாதிக் காரணம். இந்தச் சௌகரியம் மீதிக் காரணம்.

ஆனால் பிறந்த முதல் இரண்டு மூன்று வாரங்கள் அதற்கு ஊரைச் சுற்றத் தெரியாது. பெரிய இறால்கள் தீனி விழுந்த இடத்துக்கு ஓடிப் போகும், குஞ்சு போகாது. இருந்த இடத்திலேயே இலையிலும் பாசியிலும் கண்ணாடியிலும் படியும் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலத்தைச் சுரண்டித் தின்னும். தொட்டியில் அந்தப் படலம் அதிகம் சேருமிடம் எது? அடியில் படியும் கசடு, ஜாவா பாசியின் அடிப்பகுதி, வடிகட்டியின் பஞ்சு. தண்ணீர் மாற்றும் நாளில் வளர்ப்பவரின் கை முதலில் நீள்வதும் இதே மூன்று இடங்களுக்குத்தான்.

உறிஞ்சு குழாயை அடியில் வைத்துக் கசடை இழுக்கிறார். அசைவு கண்டதும் இறால் வாலை மடித்துப் பின்பக்கமாக ஒரு துள்ளு துள்ளும். ஆற்றில் எதிரியிடமிருந்து தப்ப இந்தத் துள்ளல் போதும். ஆனால் துள்ளுகிற குஞ்சு எங்கே போகிறோம் என்று பார்த்துத் துள்ளுவதில்லை. விரல் பருமன் குழாயின் வாய்க்கருகில் விழுந்தால் கதை முடிந்தது. எஞ்சியவை பாசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர்மட்டம் சரசரவென்று இறங்கும்போது அவை மட்டத்துக்கு மேலே கண்ணாடியிலும் இலையிலும் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்து, கவனிப்பாரில்லாமல் காய்ந்து போகும். மூன்றாவது கண்டம் பஞ்சு. அதை எடுத்துக் குழாயடியில் பிழியும்போது, உள்ளே மேய்ந்துகொண்டிருந்த குஞ்சுகளும் கழிவை அம்மோனியாவிலிருந்து மீட்கும் பாக்டீரியாக்களும் ஒன்றாகப் போய்ச் சேர்கின்றன.

தண்ணீரை மாற்றாமலே விட்டால்? சிலர் அப்படியும் செய்கிறார்கள். பாசியும் செடியும் அடர்ந்த, இறால் குறைவான தொட்டி மாதக் கணக்கில் தாங்கும். ஆனால் கழிவிலிருந்து அம்மோனியா, அதிலிருந்து நைட்ரைட், அதிலிருந்து நைட்ரேட் என்று பாக்டீரியாக்கள் மாற்றிக்கொண்டே போவதில் கடைசிப் பொருள் தொட்டியிலேயே தங்குகிறது. இன்னொன்று, ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்புகள் போவதில்லை. குறைந்த அளவைக் குழாய்த் தண்ணீரால் நிரப்ப நிரப்ப, ஏற்கெனவே இருக்கும் உப்போடு புதிய உப்பு சேர்கிறது. கோடையில் தில்லியிலோ ஹைதராபாத்திலோ ஓயாமல் ஆவியாகும் ஒரு சிறு தொட்டி, வளர்ப்பவர் அறியாமலே ஆழ்குழாய்க் கிணறாக மாறிக்கொண்டிருக்கிறது. ஆகவே மாற்றத்தான் வேண்டும். எவ்வளவு, எப்படி என்பதில்தான் சூட்சுமம்.

கடைகளில் சொல்லிக்கொடுக்கும் 'பாதியை மாற்று' என்பது மீனுக்கான விதி. மீனுக்கும் அது நல்ல விதியல்ல. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி சுமார் 40 லிட்டர் பிடிக்கும். அனுபவசாலிகள் வாரத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் எடுக்கிறார்கள். நான்கு லிட்டர். ஒரு வாளியில் கால் பங்குகூட இல்லை. இவ்வளவு குறைவாக எடுப்பதால் அவசரப்படத் தேவையில்லை, அவசரப்படாததால் குஞ்சு தப்புகிறது.

விரல் பருமன் குழாய்க்குப் பதில் காற்று பம்புக்குப் போடும் மெல்லிய ரப்பர் குழாய். விட்டம் நான்கில் ஒரு பங்கானால் வாயின் பரப்பு பதினாறில் ஒரு பங்கு. இழுப்பு எட்டும் தூரமும் அதற்கேற்பக் குறையும். குழாயின் முனையில் ஒரு பஞ்சுத் துண்டைச் செருகிவிட்டால் இன்னும் பத்திரம். துளை அடைபடுவதால் குஞ்சு உள்ளே போகாது என்பது மட்டுமல்ல விஷயம். அதே அளவு தண்ணீர் இப்போது ஒரு சின்ன வாய் வழியாகப் போகாமல் பஞ்சின் பரப்பு முழுவதும் பரவி உள்ளே போகிறது. எனவே எந்த ஓர் இடத்திலும் வேகம் இல்லை. பஞ்சின் மீதே ஒரு குஞ்சு உட்கார்ந்து மேயலாம். வடிகட்டியின் வாய்க்கும் இதே வைத்தியம்தான். பஞ்சு கிடைக்காவிட்டால் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டி ரப்பர் பேண்டு போடுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் கைக்குக் கிடைக்கும் டீ வடிகட்டி இதற்கு உதவாது. அதன் கண் வழியே அன்று பிறந்த குஞ்சு தாராளமாக நுழையும்.

கசடை எடுத்தே ஆகவேண்டும் என்றால் பஞ்சு போட்டு எடுக்க முடியாது. அப்போது வாளியின் நிறம் முக்கியமாகிறது. சிவப்பிலும் நீலத்திலும் வரும் பிளாஸ்டிக் வாளிகளில் குஞ்சைத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது போல. வெள்ளை வாளியோ, பழைய ஐஸ்கிரீம் டப்பாவோ வேண்டும். எடுத்த தண்ணீரை ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் கசடு அடியில் தங்கும். குஞ்சுகள் ஓரத்துக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் புள்ளிக் கண்கள் தெரியும். மருந்து ஊற்றும் சொட்டுக்குழாயால் ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டிக்குத் திருப்பலாம். சொட்டுக்குழாயின் முனை கூர்மையாக இருந்தால் கொஞ்சம் வெட்டிவிட வேண்டும். குறுகிய வாய்க்குள் இழுபடும்போதே குஞ்சு நசுங்கிவிடும். கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் மறுநாள் காலையில் இன்னொரு முறை பார்க்கிறார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்த வாளியில் மறுநாள் நான்கு இருக்கும்.

பஞ்சைப் பிழியும் விதியும் எளிமையானது. தொட்டிக்குள்ளேயே லேசாக அசைத்து, மேய்பவை இறங்க அவகாசம் தந்து, பிறகு வெளியே எடுத்து, தொட்டியிலிருந்து எடுத்த அதே பழைய தண்ணீரில் அலச வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். அந்தப் பிழிந்த தண்ணீரையும் வெள்ளை வாளியில்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் வெளியே போகும் தண்ணீரின் கதை. உள்ளே வரும் தண்ணீரின் கதை சிக்கலானது. அது நகரத்துக்கு நகரம் வேறு.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீர்க் குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும். மனிதனுக்கு அது பாதுகாப்பு. செவுள் வழியே சுவாசிக்கும் இறாலுக்கு அது நஞ்சு. வெறும் குளோரின் என்றால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தாலே போய்விடும். அவசரக்காரர்கள் ஹைப்போ போடுகிறார்கள். வேதியியல் பெயர் சோடியம் தயோசல்பேட். கறுப்பு வெள்ளைப் புகைப்படக் காலத்தில் ஒவ்வொரு ஸ்டூடியோவின் இருட்டறையிலும் இருந்த அதே படிகம்தான். டிஜிட்டல் கேமரா வந்து இருட்டறைகள் மூடப்பட்ட பிறகும் அதற்கு வேலை போகவில்லை. மீன் கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்ற பெயரில் வாழ்கிறது.

தில்லியில் இது மட்டும் போதாது. யமுனையில் அம்மோனியா லிட்டருக்கு ஒரு மில்லிகிராமை நெருங்கி, வசிராபாத், சந்திராவல் நிலையங்களில் உற்பத்தி குறைக்கப்படுவது குளிர்காலந்தோறும் வரும் செய்தி. அம்மோனியா இருக்கும் தண்ணீரில் குளோரினைச் சேர்த்தால் இரண்டும் கூடிக் குளோரமீன் ஆகும். அது ஒரு நாள் திறந்து வைத்தால் போகிற ஜாதி அல்ல. ஹைப்போ அதை உடைக்கும்; ஆனால் உடைந்ததும் அம்மோனியா விடுபட்டுத் தொட்டிக்குள் வந்து நிற்கும். பெரிய இறால் ஒரு நாள் தாக்குப்பிடிக்கலாம். இரண்டு மில்லிமீட்டர் குஞ்சு தாங்காது. ஆகவே யமுனைத் தண்ணீர் வரும் பேட்டைகளில் செய்தித்தாளைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் மாற்றுவது புத்திசாலித்தனம்.

ஏழு ஏரிகளிலிருந்து குடிக்கும் மும்பைக்கு மென்னீர் என்ற வரம் உண்டு. அதுவே தொல்லையும் ஆகலாம். இறால் வளர வளரச் சட்டை உரிக்கும். குஞ்சு அடிக்கடி உரிக்கும். புதிய ஓடு கெட்டிப்பட நீரில் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த தொட்டியில் ஒரேயடியாக மென்னீரைக் கொட்டினால், தயாராகாத இறால் சட்டை உரிக்கத் தொடங்கிவிடுகிறது என்பது வளர்ப்பவர்கள் அடிபட்டுக் கற்ற பாடம். தலையும் உடலும் சேருமிடத்தில் ஓடு வளையமாக வெடித்து, வெளியே வரவும் முடியாமல் உள்ளே இருக்கவும் முடியாமல் இறால் செத்துப்போகும். அந்த வெள்ளை வளையத்துக்கு 'மரண வளையம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெங்களூரின் கஷ்டம் இதற்கு நேர் எதிர். நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி ஒரு நாள், ஆழ்குழாய்க் கிணறு ஒரு நாள், லாரித் தண்ணீர் ஒரு நாள். அடுக்குமாடியின் கீழ்த்தொட்டியில் மூன்றும் கலக்கின்றன. கலவை விகிதம் காவலாளிக்கே வெளிச்சம். குடிநீர்த் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதி. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே ஓர் இறால் குஞ்சின் ஆயுள் ஊசலாடுகிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா போன்ற அளவுகோலைத் தண்ணீரில் நனைத்துக் கரைந்த உப்பின் அளவைப் பார்த்து, தொட்டிக்கும் வாளிக்கும் வித்தியாசம் அதிகமென்றால் அன்றைக்கு மாற்றாமல் விடுவது நல்லது. 2024 மார்ச்சில் அங்கே தண்ணீர்ப் பஞ்சம் முற்றி, குடிநீரைக் கார் கழுவவும் தோட்டத்துக்கும் பயன்படுத்தினால் ரூ 5,000 அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த வாரங்களில் வாரம் பாதித் தொட்டி மாற்றும் பழைய வழக்கத்தை நியாயப்படுத்துவது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது.

ஆர்.ஓ. எந்திரம் இருக்கும் வீடுகளில் ஒரு வழி உண்டு. ஆவியானதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர் உத்தமம், உப்பு ஏறாது. ஆனால் முழுக்க அதையே ஊற்றினால் சுண்ணாம்பும் மெக்னீசியமும் இல்லாமல் குஞ்சு ஓடு கட்ட முடியாது. கலந்து ஊற்ற வேண்டும். எந்திரம் துப்பும் கழிவு நீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று தொட்டிக்குக் கொண்டுவருவது கூடவே கூடாது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அதைவிட ஆபத்தான சிக்கனம் ஏ.சி. தண்ணீர். பார்க்க வாலைவடி நீர் போலத் தெளிவாகச் சொட்டுகிறது, உப்பும் இல்லை. ஆனால் அது பல எந்திரங்களில் செம்புக் குழாய்கள் மீது வழிந்து வருகிறது. மனிதக் குடிநீரில் செம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தவிர்க்க முடியாத நிலையில் 1.5 வரை விட்டுக்கொடுக்கிறார்கள். இறாலிடம் அந்தத் தாராளம் செல்லாது. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் ஊற்றும் சில மருந்துகளிலும் செம்பு உண்டு. ஒரே தொட்டியில் மீனையும் இறாலையும் வைத்து மீனுக்கு வைத்தியம் பார்த்தவர்கள், மீன் பிழைக்க இறால் கூண்டோடு போனதைக் கண்டிருக்கிறார்கள்.

யாரும் எதிர்பார்க்காத எதிரி நகராட்சியிடமிருந்து வருகிறது. கொசுப்புழுவை ஒழிக்கத் தண்ணீர்த் தொட்டிகளில் போடும் டெமிஃபாஸ், 'அபேட்' என்ற பெயரில் பல நகரங்களில் பழக்கமானது. கொசுப்புழுவும் இறாலும் கணுக்காலிகள். மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான். டெங்குக் காலத்தில் மொட்டைமாடித் தொட்டியில் மருந்து போட்டுவிட்டுப் போன மறுநாள் அந்தத் தண்ணீரை இறால் தொட்டிக்கு ஊற்றுவது, தெரிந்தே விஷம் வைப்பது போல. அறைக்குள் எரியும் கொசுவிரட்டித் திரவத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுவே. காற்று பம்பு அறைக் காற்றை உறிஞ்சித்தான் தண்ணீருக்குள் விடுகிறது.

வெப்பம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மே மாத மதியம் மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீரில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். ஜனவரி அதிகாலையில் தில்லியில் கை வைத்தவர்களுக்கும் தெரியும். ஒரு நாள் வாளியில் பிடித்து, தொட்டி இருக்கும் அதே அறையில் வைத்தால் குளோரினும் போகும், வெப்பமும் சமன்படும். பிறகு அந்த வாளியை உயரத்தில் வைத்து, ரப்பர் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் இறக்க வேண்டும். நான்கு லிட்டர் இறங்க இரண்டு மணி நேரம் ஆனாலும் பாதகமில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது போல என்று கேலி செய்யலாம். கேலி செய்பவர்கள் வீட்டில் குஞ்சு இருக்காது.

மேஜை மீது நடக்கும் இந்தக் கூத்தின் பெரிய மேடை ஆந்திரக் கடற்கரை. விசாகப்பட்டினம், காக்கிநாடா, நெல்லூர் வட்டாரங்களின் பொரிப்பகங்களில் பிறக்கும் குஞ்சுகள்தான் இந்தியாவின் இறால் ஏற்றுமதிக்கு விதைநெல். 2022-23இல் நாடு ஏற்றுமதி செய்த உறைந்த இறால் சுமார் 7.11 லட்சம் டன். மதிப்பு ரூ 43,000 கோடிக்கு மேல். அங்கே வளர்வது 2009இல் அரசு அனுமதியுடன் நுழைந்த பசிபிக் வெள்ளை இறால், வன்னமெய். அதன் தாய் இறால்கள் விமானத்தில் வந்து இறங்கி, முதலில் தங்குவது சென்னை நீலாங்கரையின் தனிமைப்படுத்தும் நிலையத்தில். ஒரு தாய் ஒரே இரவில் லட்சத்துக்கும் அதிகமான முட்டைகளை நீரில் விட்டுவிடும். செர்ரி இறாலின் இருபது முப்பதோடு ஒப்பிட்டால் இது ஊதாரித்தனம் போலத் தோன்றும். ஆனால் இந்தக் குஞ்சு தாயின் அச்சு அல்ல. நாப்ளியஸ், ஜோயா, மைசிஸ் என்று மூன்று வேறு உருவங்களைக் கடந்துதான் இறால் ஆகிறது. தொடக்கத்தில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி. இரண்டு நாள்வரை வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவே சாப்பாடு.

பொரிப்பகத்தின் கடல்நீர் மணல் வடிகட்டியில் இறங்கி, குளோரின் போடப்பட்டு, பிறகு அந்தக் குளோரின் காற்றடித்தும் ஹைப்போ போட்டும் நீக்கப்படுகிறது. ஆம், அதே ஹைப்போ. செம்பு போன்ற உலோகங்களைக் கட்டிப்போட ஈ.டி.டி.ஏ. சேர்ப்பதும் வழக்கம். ஜோயா பருவத்தில் தண்ணீரை மாற்ற யாரும் துணிவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கத்தான் செய்கிறார்கள். மைசிஸ் ஆன பிறகு மாற்றம் தொடங்குகிறது. அப்போதும் தண்ணீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அகன்ற வலைக்கூடை. மேஜைத் தொட்டியின் பஞ்சுத் துண்டு செய்யும் வேலையை இங்கே கூடையின் பரப்பு செய்கிறது. குஞ்சு வளர வளர வலையின் கண்ணும் மாறுகிறது. நெருக்கமான வலையைத் தேவைக்கு மேல் வைத்திருந்தால் கழிவு அடைத்துக்கொண்டு ஓரிடத்தில் இழுப்பு கூடும்; அகலமானதை ஒரு நாள் முன்பாகப் போட்டால் லட்சக்கணக்கில் வெளியேறிவிடும். எந்த வலை எந்த நாளில் என்பதைத் தீர்மானிக்கும் தொழில்நுட்ப ஊழியர்தான் அந்தக் கட்டடத்தில் உண்மையான முதலாளி.

புதுத் தண்ணீர் புது நோய்க்கும் வாசல். கடல்நீரில் வாழும் விப்ரியோ பாக்டீரியாவில் ஒளிரும் ரகம் ஒன்று உண்டு. நள்ளிரவில் விளக்கை அணைத்துப் பார்க்கும்போது தொட்டியில் நீலப்பச்சை மினுக்கல் தெரிந்தால் ஊழியர்களுக்கு வயிற்றைக் கலக்கும். நோய் பற்றிய இந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. 1990களின் நடுவில் வெண்புள்ளி வைரஸ் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளைத் துடைத்துப் போட்டது. பண்ணைகளின் கழிவுநீரும் உவர்ப்பும் வயல்களையும் கிணறுகளையும் கெடுப்பதாகக் கிளம்பிய எதிர்ப்பு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கடுமையான தீர்ப்பு வந்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் பிறந்தது. தொட்டியிலிருந்து வெளியே போகும் தண்ணீர் யாருடைய நிலத்துக்குப் போகிறது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் பண்ணைக்காரர்களைக் கட்டாயமாகத் தொட்டது.

வலைக்கூடையைத் தாண்டிய பிறகும் குஞ்சுக்கு ஒரு தண்ணீர் மாற்றம் பாக்கி. ஆக்ஸிஜன் அடைத்த பைகளில் இரவோடு இரவாகப் பயணம் செய்து கோதாவரி, கிருஷ்ணா டெல்டாக் குளங்களுக்கு வருகிறது. கடல்நீரில் பிறந்தது, இப்போது உப்பு பெயரளவில் இருக்கும் குளத்தில் வாழ வேண்டும். விவசாயி கேட்டுக்கொண்டால் பொரிப்பகத்திலேயே உப்பைப் படிப்படியாகக் குறைத்து அனுப்புகிறார்கள். குளத்தங்கரையில் பைகளை மிதக்கவிட்டு வெப்பம் சமன்பட்ட பின், குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, பிறகுதான் அவிழ்க்கிறார்கள். விடிவதற்குள் வேலையை முடிக்கும் அவசரத்தில் இதைச் சுருக்கினால் நஷ்டம் அன்று தெரியாது. குளத்தின் அடியில் செத்துக் கிடப்பது யார் கண்ணுக்கும் படாது. மாதம் ஒன்று கழித்து வீசுவலை போட்டுப் பார்க்கும்போதுதான் கணக்கு உதைக்கும்.

மனிதன் தண்ணீரைத் திறந்து மூடும் மிகப்பெரிய தொட்டி ஒன்று கேரளத்தில் இருக்கிறது. வேம்பநாட்டு ஏரியின் ஆற்றுக்கொஞ்சு நன்னீரில் வாழ்ந்து, முட்டையோடு உவர்நீருக்கு இறங்கி, குஞ்சு பொரிக்கும்; குஞ்சுகள் வளர்ந்து மீண்டும் மேலேறும். குட்டநாட்டு நெல்லுக்கு உப்பு ஏறாமல் காக்க 1970களில் கட்டப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகுகள் டிசம்பர் வாக்கில் மூடப்பட்டு, கோடையில் திறக்கப்படுகின்றன. நெல் பிழைத்தது. இறங்கும் தாய்க்கும் ஏறும் குஞ்சுக்கும் நடுவே சுவர் விழுந்தது. மதகை எப்போது திறப்பது என்பதில் விவசாயிக்கும் மீனவருக்கும் ஆண்டுதோறும் வழக்கு.

வாளிக்கு ஒரு கடைசி சங்கதி. அதில் போகும் குஞ்சு சாவதைப் பற்றியே இவ்வளவு நேரம் பேச்சு. சாகாவிட்டால்? ஜெர்மனியிலும் போலந்திலும் வெந்நீர் கலக்கும் ஆறுகளிலும் கால்வாய்களிலும் இதே செர்ரி இனம் குடியேறிவிட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து போனதுதான். குளிர் நாட்டிலேயே இடம் பிடித்தது, ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான இந்திய ஏரிகளில் தயங்கும் என்று நம்ப ஆதாரமில்லை. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கப்பட்டு, பெரிதானதும் ஏரியில் விடப்பட்ட கவசக் கெளுத்தி கிழக்குக் கொல்கத்தாவின் மீன் குளங்களில் தொல்லையாகிவிட்டது. 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் தென்னமெரிக்க அரபைமா சாலக்குடி ஆற்றில் பிடிபட்டது. உள்ளூர் ஓடைகளுக்கென்றே காரிடினா இன இறால்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன. கண்ணில் படாத, கவனிப்பாரற்ற பழுப்புப் பூச்சிகள். அவற்றின் மேய்ச்சல் நிலத்தில் சிவப்பு விருந்தாளியை இறக்கிவிடுவது நல்லதல்ல.

எனவே எடுத்த தண்ணீரை ஏரிப்பக்கம் போகும் மழைநீர்க் கால்வாயில் ஊற்றக் கூடாது. நெருக்கமான பருத்தித் துணியில் வடித்து, துணியில் ஒட்டிய குஞ்சைத் தொட்டியில் அலசிவிட்டு, மிச்சத்தைப் பால்கனித் துளசிக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றிவிடலாம். நைட்ரேட் கலந்த அந்த நான்கு லிட்டர் செடிக்குப் பிடிக்கும். துணியை மறுபடி விரித்து ஒரு முறை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மடிக்கலாம். மடிப்பில் ஒன்றிரண்டு இருக்கும்.